நீரடி மண்ணும் பெயரிடும் மரபும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்தது தொல்காப்பியம். ஓர் உணர்வைப் பாடவேண்டுமாயின், அவ்வுணர்வு எழுந்த நிலம் எது என்னும் வினாவை முன்வைத்தது அவ்விலக்கண மரபு. மரமும் பறவையும் உணவும் தொழிலும் நிலத்தைத் தொடர்ந்து வருவன; நிலம் தெரிந்தால் அவை தெரியும். இவ்வாறு நிலத்தைத் தலையாய பொருளாகக் கொண்ட மொழியில், கடற்கரைக்கென வழங்கும் சொற்கள் மிகப் பல. அலை கொண்டுவந்து குவித்த மணல்மேடு எக்கர். நீரோட்டம் வரிவரியாகத் தீட்டிவிட்டுச் சென்ற நுண்மணல் அறல். கடல்நீர் உள்வாங்கி நிற்கும் இடம் கழி. கரையோரச் சோலை கானல். காலை இழுக்கும் குழைசேறு அளறு. ஈழத்தமிழில் கடலோடு ஒட்டிய உப்புநீர் ஏரிக்குக் களப்பு என்று பெயர்.

இச்சொற்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தால் ஓர் எல்லை புலப்படும். எக்கரும் கானலும் கண்ணுக்குத் தெரியும் நிலங்கள். கழியும் களப்பும் நீர்ப்பரப்பின் பெயர்கள். அந்நீர்ப்பரப்புக்கு ஒரு முழ ஆழத்திலோ இடுப்பளவு ஆழத்திலோ கிடக்கும் தரை நிலமா, நீரா? அதனைத் தனி நிலமாகக் கருதி, வகைப்படுத்தி, வரைபடத்தில் எல்லையிட்டுக் காட்ட முடியுமா? எளியதாகத் தோன்றும் இவ்வினாவுக்கு மண்ணியல் அறிஞர்கள் விடை கண்டது மிக அண்மைக் காலத்தில்தான். அவ்விடையின் வரலாறு, ஒரு பொருளுக்குப் பெயரிடுவது அப்பொருளை எவ்வாறு காக்கிறது என்பதையும் காட்டுவது. ஆதலால் அது கவிஞர்களின் அவையில் பேசத்தக்கதே.

ஓர் எழுத்தில் அடங்கிய நிலம்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் மண் அளவீடு என்பது ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட பணி. மாவட்டந்தோறும் மண்ணைத் தோண்டிப் பார்த்து, இந்த வயலில் இந்த மண், அந்தச் சரிவில் அந்த மண் என்று நுணுக்கமாக எல்லையிட்டு அச்சிட்ட வரைபடங்கள் அந்நாட்டில் உண்டு. ஒரு சிறு மேட்டுக்கும் அதன் அடிவாரத்துக்கும் இடையே மண் மாறினால் அதுவும் அப்படத்தில் கோடாக விழும். ஆயினும் கோடுகள் அனைத்தும் கரையோரம் வந்ததும் நின்றுவிடும். அதற்கப்பால் ஆறாயினும் ஏரியாயினும் கடற்கழியாயினும் எல்லாவற்றுக்கும் ஒரே குறி. ஆங்கிலத்தில் நீர் என்னும் சொல்லின் முதலெழுத்தாகிய 'டபிள்யூ'. மணல், களி, கருஞ்சேறு, சிப்பிப்பரப்பு, புதையுண்ட சதுப்பு ஆகிய அனைத்தும் அந்த ஓரெழுத்துக்குள் அடங்கின.

கடலடியைப் பற்றி மனிதர் அறியாதிருந்தனர் என்று இதற்குப் பொருளன்று. எகிப்தை நெருங்கும் கப்பலிலிருந்து, கரைக்கு ஒரு நாள் பயணத் தொலைவிலேயே ஈயக்குண்டை இறக்கினால் சேறு ஒட்டிவரும் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் குறித்துள்ளார். ஈயக்குண்டின் அடிக்குழியில் கொழுப்பைத் தடவி இறக்கி, அதில் ஒட்டிவரும் மணலையும் கிளிஞ்சலையும் பார்த்து இடம் அறிவது மாலுமிகளின் பழைய வழக்கம். கடற்படங்களில் ஆழத்துக்குப் பக்கத்தில் மணல், சேறு, சிப்பி என்னும் குறிப்புகள் காணப்படும். எனினும் இவையெல்லாம் கப்பல் தரைதட்டாமல் இருப்பதற்கும் நங்கூரம் பிடிப்பதற்கும் வேண்டிய மேற்பரப்புச் செய்திகளே. மேற்பரப்புக்குக் கீழே, ஒன்றன்மேல் ஒன்றாக என்ன கிடக்கிறது, அது எவ்வாறு ஆயிற்று என்னும் கேள்வி அங்கே எழவில்லை.

படிவும் மண்ணும்

மண் என்பது யாது? பாறை பொடிந்தால் மண் என்பது பொதுவான எண்ணம். 1883ஆம் ஆண்டில் ரஷ்யக் கரிசலைப் பற்றி நூலெழுதிய வசிலி டொக்குசாயெவ் அவ்வெண்ணத்தை மாற்றினார். மண் தானே ஓர் இயற்கைப் பொருள். அது தட்பவெப்பம், உயிரினம், நில அமைப்பு, மூலப்பொருள், காலம் ஆகியவற்றின் கூட்டால் உருவாவது என்று அவர் விளக்கினார். 1941இல் ஹான்ஸ் ஜென்னி என்பார் இவ்வைந்தையும் ஒரு சமன்பாடாக எழுதிக்காட்டினார். நிலத்தோடு பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்று கண்ட மரபினர்க்கு, காலமின்றி மண் இல்லை என்னும் இக்கருத்து வியப்பளிக்காது.

மண்ணுக்குள் நிகழ்வனவற்றை மண்ணியலார் நான்காகத் தொகுப்பர்: சேர்தல், நீங்கல், இடம்பெயர்தல், உருமாறல். இலை உதிர்ந்து மக்குவது சேர்தல்; உப்பு கரைந்து ஓடுவது நீங்கல்; மேலிருந்த களி கீழே இறங்குவது இடம்பெயர்தல்; ஒரு கனிமம் வேறொரு கனிமமாவது உருமாறல். இந்நான்கும் நெடுங்காலம் நடந்த இடத்தில் மண் பல அடுக்குகளாகப் பிரிந்து நிற்கும். அடுக்கைப் பார்த்தால் அம்மண்ணின் வாழ்க்கை தெரியும்.

நீருக்கு அடியில் கிடப்பதைப் புவியியலார் 'படிவு' என்றனர். ஆறும் அலையும் கொண்டுவந்து இறக்கியது என்பது அச்சொல்லின் கருத்து. இங்கேதான் வழக்கு எழுகிறது. வந்து படிந்தது படிவு, சரி. படிந்தபின் அங்கேயே கிடந்து, புல் வேரூன்றி, புழு துளைத்து, சிப்பி கரைந்து, நிறமும் மணமும் மாறினால் அப்போது அதன் பெயர் என்ன? வயல் மண்ணும் ஒரு காலத்தில் ஆறு கொண்டுவந்த வண்டல்தான். அதனை மண் என்று ஒப்புக்கொள்வோர், நான்கடி நீர் மேலே நிற்பதால் மட்டும் இதனை மறுப்பது எவ்வாறு?

இக்கேள்வியை ஐரோப்பியர் முன்பே தொட்டதுண்டு. சுவீடனைச் சேர்ந்த ஹாம்பஸ் வான் போஸ்ட் 1862இலேயே ஏரியடிச் சேறுகளை வகைப்படுத்தி, தம் நாட்டு மக்கள் வழக்கிலிருந்த 'யூட்யா', 'டூ' என்னும் சொற்களையே அறிவியற் பெயர்களாக ஆக்கினார். 1953இல் வால்டர் குபியெனா ஐரோப்பிய மண்வகைகளைத் தொகுத்தபோது, நீரடி மண்களுக்கெனத் தனிப்பிரிவு வகுத்தார். ஆயினும் அளவீட்டுப் பணியில் அதனைக் கொண்டுசென்று, குடாவின் அடித்தரையை வயலைப்போலவே வரைந்து காட்டும் முயற்சி பின்னரே நிகழ்ந்தது.

சினபக்சன்ட் குடாவில்

அம்முயற்சிக்கு உரியவர் ஜார்ஜ் டீமாஸ். அமெரிக்க வேளாண்மைத் துறையின் மண் அளவீட்டுப் பணியில் இருந்தவர். களம் மேரிலாந்து மாநிலத்தின் கடற்கரை. அங்கே அசடீக் என்னும் மணல்தீவு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலை மறித்துக் கிடக்கிறது. தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையில் உள்ள ஆழமற்ற உப்புநீர்க் களப்புகளுள் ஒன்று சினபக்சன்ட் குடா. பல இடங்களில் இறங்கி நடக்கத்தக்க ஆழமே அதற்கு உண்டு. 1933 ஆகஸ்டில் வீசிய பெரும்புயல் ஓஷன் சிட்டி நகருக்குத் தெற்கே மணல்தீவை அறுத்துப் புதியதொரு முகத்துவாரத்தைத் திறந்துவிட்டது. அதன்பின் அக்குடாவின் உப்பும் ஓட்டமும் மாறின.

1993இல் டீமாஸ், நீரில் மூழ்கிய மண்களே மண் அளவீட்டின் புதிய எல்லை என்று ஒரு கட்டுரை எழுதினார். மேரிலாந்துப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்ட்டின் ராபன்ஹார்ஸ்டின் துணையோடு அதனையே தம் முனைவர் பட்ட ஆய்வுப் பொருளாகவும் ஆக்கிக்கொண்டார். குடாவின் அடியிலிருந்து அவர் எடுத்த மண்ணில் அடுக்குகள் இருந்தன. மேலே கரிமப்பொருள் சேர்ந்திருந்தது. சிப்பியோட்டுச் சுண்ணாம்பு சேர்ந்திருந்தது. புழுக்களும் நண்டுகளும் மேலதைக் கீழும் கீழதை மேலும் கொண்டுசென்றிருந்தன. கந்தகச் சேர்மங்கள் புதிதாக உருவாகியிருந்தன. சேர்தல், நீங்கல், இடம்பெயர்தல், உருமாறல் ஆகிய நான்கும் நீருக்கடியிலும் நடந்திருந்தன. 1999இல் வெளிவந்த கட்டுரையில் இதனை இருவரும் சான்றுகளோடு நிறுவினர்.

ஜென்னியின் சமன்பாட்டையும் அவர்கள் நீருக்கு ஏற்ப விரித்தெழுதினர். தட்பவெப்பம், உயிரினம், மூலப்பொருள், காலம் ஆகியவை அப்படியே நின்றன. மேடுபள்ளத்தின் இடத்தில் நீரடி ஆழ அமைப்பு வந்தது. நீரோட்டத்தின் இயல்பும், மேலே நிற்கும் நீரின் இயல்பும் புதிதாகச் சேர்ந்தன. எட்டாவதாகப் பேரிடர் நிகழ்வுகள் என்னும் காரணி இடம்பெற்றது. ஒரே இரவில் தீவை அறுக்கும் புயலை மண்ணின் ஆக்கக்காரணிகளுள் ஒன்றாகச் சமன்பாட்டில் எழுதிய இடம் அது. 1933இன் வடுவைத் தாங்கிய கடற்கரையில் பணிசெய்தவர்க்கு அது இயல்பாகத் தோன்றியிருக்கும்.

காணாத நிலத்தை வரைதல்

நிலத்தில் மண்ணை வரைபவருக்குக் கண் துணை செய்யும். மேடும் சரிவும் மரமும் நிறமும் அவருக்கு வழிகாட்டும். நீருக்கடியில் இவை மறைவு. எனவே முதற்பணி ஆழத்தை அளப்பது. படகில் ஒலியலை ஆழமானியையும், துணைக்கோள் வழி இடமறியும் கருவியையும் பொருத்திக் குடாவின் குறுக்கும் நெடுக்கும் செல்வர். ஆனால் ஓதம் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால், காலையில் அளந்த ஆழமும் மாலையில் அளந்த ஆழமும் ஒன்றாகா. ஆகவே கரையில் ஓதமானி ஒன்றை நிறுத்தி, ஒவ்வோர் அளவையும் அது எடுக்கப்பட்ட நேரத்தின் ஓதமட்டத்துக்கு ஏற்பத் திருத்துவர். நிலமும் பொழுதும் ஒருங்கே பதியாவிட்டால் அப்படம் பிழைபடும்.

ஆழங்கள் நிரம்பியதும் மறைந்திருந்த நிலம் உருக்கொள்ளும். அலை தீவைத் தாண்டிக் கொட்டிய விசிறிவடிவ மணற்பரப்பு ஓரிடம். முகத்துவார ஓட்டம் பரப்பிய மணல்திட்டு ஓரிடம். பெருநிலத்தை ஒட்டிய அமைதியான மூலை ஓரிடம். சேறு நிறைந்த நடுப்பள்ளம் ஓரிடம். ஒவ்வொரு வடிவத்துக்கும் ஏற்ற மண் அங்கே இருக்கும் என்பது துணிபு. அத்துணிபைச் சோதிக்க மண்ணை எடுத்துப் பார்க்கவேண்டும்.

அதற்குரிய கருவி அதிர்வுக்குழாய். நீண்ட அலுமினியக் குழாயை நட்டு எந்திரத்தால் அதிரச்செய்தால், அது குலுங்கிக் குலுங்கி மண்ணுக்குள் இறங்கும். மேல்வாயை அடைத்து இழுத்தால், உள்ளே நின்ற மண்தூண் குலையாமல் மேலே வரும். அதனைக் குளிர்நிலையில் வைத்திருந்து, ஆய்வுக்கூடத்தில் நெடுக்காக அறுத்துப் பிளப்பர். அப்போது பல நூற்றாண்டுகள் அடுக்கடுக்காய்க் கண்முன் கிடக்கும். மேலே சில மில்லிமீட்டர் அளவில் பழுப்புத்தோல். உயிர்வளி அதுவரைதான் எட்டியது என்பதன் அடையாளம். அதன்கீழ் கருமை. அக்கருமையின் நடுவே ஒரு புழு குடைந்த வழியைச் சுற்றிமட்டும் துருநிறம். புழு தன்னோடு உயிர்வளியைக் கீழே கொண்டுசென்ற தடம். இன்னும் கீழே நாணல்வேர்கள் பின்னிய பழுப்புப் படலம் தோன்றுவதுண்டு. கடல்மட்டம் உயர உயர மணல்தீவு கரைப்பக்கமாகப் புரண்டு நகர்ந்ததில் மூழ்கிப்போன பழைய சதுப்பு அது. இன்று மீன் திரியும் இடத்தில் ஒருநாள் கொக்கு நின்றது என்பதற்கு அப்படலமே சாட்சி.

இத்துணைக் கருவிகள் இருந்தும், மண்ணாய்வாளர் தம் கையையும் மூக்கையும் கைவிடவில்லை. ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் வைத்து அழுத்துவர். விரலிடுக்கில் வழியாமல் நின்றால் அது தாங்கும் மண். சிரமத்தோடு வழிந்தால் இளகிய மண். எளிதில் வழிந்தோடிக் கை வெறுமையானால் அது எதையும் தாங்காத குழைசேறு. அழுகிய முட்டையின் நாற்றம் எழுந்தால் கந்தகம் உண்டு. கரிய மண்ணின்மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு சொட்டினால் கருமை சட்டென்று வெளிறும். இரும்புச் சல்பைடு இருப்பதற்கு அது அறிகுறி.

பதினாறு வாரச் சோதனை

எளிமையும் பொறுமையும் கூடிய ஒரு சோதனை இங்குக் குறிப்பிடத்தக்கது. நீருக்கடியிலிருந்து எடுத்த மண்ணை ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, ஈரம் காயாமல், காற்றுப்பட வைத்துவிடுவர். எடுத்த அன்று அதன் அமிலநிலை எண் நடுநிலையை ஒட்டியே இருக்கும். தீங்கற்ற மண்ணாகவே தோன்றும். அமிலநிலை எண்ணை விட்டுவிட்டு அளந்து வருவர். 16 வாரங்களுக்குள் அவ்வெண் 4 அல்லது அதற்குக் கீழே இறங்கிவிட்டால், அது கந்தகம் பொதிந்த மண் என்பது தெளிவாகும்.

நிகழ்வது இதுதான். கடல்நீரில் சல்பேட் உண்டு. உயிர்வளி எட்டாத சேற்றில் நுண்ணுயிர்கள் அச்சல்பேட்டைக் கொண்டு கரிமப்பொருளைச் சிதைக்கின்றன. அதனால் பிறக்கும் சல்பைடு, மண்ணிலுள்ள இரும்போடு கூடிக் கருமையாகி, நாளடைவில் பைரைட் என்னும் கனிமமாகிறது. நீருக்கடியில் இருக்கும்வரை அது எவருக்கும் தீங்கு செய்யாது. தோண்டிக் கரையில் கொட்டினால் காற்றுப்பட்டுக் கந்தக அமிலம் சுரக்கத் தொடங்கும். புல் முளைக்காது; ஓடிவரும் மழைநீரும் அமிலமாகும்; அந்நீர் சேரும் ஓடையில் மீன் பிழைப்பது அரிது. கடல்மட்டத்துக்குத் தாழ்ந்த கேரளத்துக் குட்டநாட்டில் 'கரி' எனப்படும் நெல்வயல்களின் கடும் அமிலத்தன்மைக்கும் இத்தகைய கந்தக மண்ணே காரணம்.

படகு செல்லும் வழிகளைத் தூர்வாரும்போது எடுத்த சேற்றை எங்கே கொட்டுவது என்பது எல்லாக் கடற்கரையிலும் எழும் கேள்வி. வரைபடத்தில் 'நீர்' என்று ஒரே எழுத்து மட்டும் இருக்குமாயின், எங்கிருந்து எடுத்த மண்ணும் ஒன்றுபோலவே தோன்றும். மண்ணின் பெயர் எழுதப்பட்டிருக்குமாயின், தோண்டுவதற்கு முன்பே தீங்கு தெரியும். பெயரிடுதல் இங்கே அறிவுப்பசிக்கு மட்டும் உரிய செயலாக நிற்கவில்லை. ஒரு வயலின், ஓர் ஓடையின் உயிர் அதில் இருக்கிறது.

கடற்புல்லின் வரலாறும் இதனை வலியுறுத்துகிறது. வட அட்லாண்டிக் கரைகளில் சொஸ்டெரா மரினா என்னும் கடற்புல் பரந்து கிடந்தது. 1930களின் தொடக்கத்தில் பரவிய நோயொன்று அதன் பெரும்பகுதியை அழித்தது. அதனை உண்டு வாழ்ந்த கடல்வாத்துகள் குறைந்தன. அதனிடையே வளர்ந்த சிப்பியினங்கள் குன்றின. பிற்காலத்தில் அப்புல்லை மீண்டும் நடும் முயற்சிகள் பல நடந்தன. நீரின் தெளிவும் ஒளியும் பார்க்கப்பட்டன. வேர் இறங்கும் மண்ணையும் பார்க்கவேண்டும் என்பதை நீரடி மண்ணாய்வு நினைவூட்டியது. கடற்புல் தன் வேர் வழியே உயிர்வளியைக் கசியவிட்டுச் சேற்றின் சல்பைடு நஞ்சைத் தடுத்துக்கொள்ளும் ஆற்றல் உடையது. நஞ்சு மிகுந்தால் அவ்வாற்றல் போதாது. உழவர்க்கு ஐயமின்றித் தெரிந்த உண்மையே இது: விதை நல்லதாயினும் மண் ஏற்கவேண்டும்.

ரோட் ஐலந்து மாநிலத்திலும் நினிகிரெட் முதலிய களப்புகள் இவ்வாறு ஆராயப்பட்டன. அங்குச் சிப்பி வளர்ப்பதற்கும், கடற்புல் நடுவதற்கும், படகுகளை நங்கூரமிடுவதற்கும் அம்மண்படங்கள் பயன்கொள்ளப்பட்டன. குழைசேற்றில் புதைந்து பற்றிக்கொள்ளும் காளான்வடிவ நங்கூரம் இறுகிய மணலில் பிடிக்காது. அங்கே எடைமிகுந்த கட்டையே நிற்கும். புயல்நாளில் ஒரு படகு தப்புவதும் தப்பாததும் அடிமண்ணைப் பொறுத்தது.

'அல்லது' என்னும் ஒரு சொல்

1999இல் அமெரிக்க மண் வகைப்பாட்டு நூலின் இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. அதில் மண்ணுக்குத் தரப்பட்ட வரையறை இரண்டு தகுதிகளைக் கூறுகிறது. முன்சொன்ன நான்கு செயல்களால் மூலப்பொருளிலிருந்து வேறுபட்ட அடுக்குகள் இருத்தல் ஒன்று. இயற்கைச் சூழலில் வேரூன்றும் தாவரத்தைத் தாங்குதல் மற்றொன்று. இரண்டையும் இணைக்கும் சொல் 'அல்லது'. இரண்டில் ஒன்று இருந்தாலே போதும். மேல் எல்லையாகக் காற்றோடு ஆழமற்ற நீரும் ஏற்கப்பட்டது. நீர் வேரூன்றும் தாவரம் வளரமுடியாத அளவுக்கு, அதாவது பொதுவாக 2.5 மீட்டருக்கு மேல், ஆழமானால் அங்கே மண் முடிகிறது என்றும் வரையறுத்தனர். ஒளி எட்டும் எல்லையே மண்ணின் எல்லையாயிற்று. இலக்கணம் கற்றோர் ஓர் இடைச்சொல்லின் ஆற்றலை அறிவர்; இங்கே ஓர் 'அல்லது' குடாக்களின் அடித்தரைகளையெல்லாம் நிலத்தோடு சேர்த்துவிட்டது.

அதே 1999இல் ஜார்ஜ் டீமாஸ் காலமானார். சமன்பாட்டை விரித்தெழுதிய கட்டுரை 2001இல், அவர் மறைவுக்குப் பின்னரே அச்சேறியது. பணி நின்றுவிடவில்லை. ராபன்ஹார்ஸ்டும், ரோட் ஐலந்துப் பல்கலைக்கழகத்தின் மார்க் ஸ்டோல்ட்டும், அவர்களிடம் பயின்றோரும் குடாவுக்குக் குடா அதனைத் தொடர்ந்தனர். 2010இல் வகைப்பாட்டு வழிகாட்டியின் பதினோராம் பதிப்பில் நீரடி மண்களுக்கெனப் புதிய பெயர்கள் இடம்பெற்றன: 'வாசென்ட்', 'வாசிஸ்ட்'.

இப்பெயர்கள் அமைந்த முறை சொல்லிலக்கணம் பயில்வார்க்குச் சுவையானது. 'வாஸ்' என்பது நீரைக் குறிக்கும் 'வாசர்' என்னும் ஜெர்மானியச் சொல்லின் தலை. 'என்ட்' என்பது இளமண் வரிசையின் விகுதி. அண்மை எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்தது. 'இஸ்ட்' என்பது மக்கிய தாவரத்தாலான மண் வரிசையின் விகுதி. திசு எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்வழி வந்தது. முன்னே 'சாமோ' சேர்த்தால் மணல். 'சல்ஃபி' சேர்த்தால் கந்தகம். எனவே 'சாமோவாசென்ட்' என்று கேட்ட அளவிலேயே, மணலாலாகிய, நீர் மூடிய, இளமண் என்று பொருள் விரியும். முன்னொட்டும் பகுதியும் விகுதியும் கொண்டு ஒரு நிலத்தின் வரலாற்றையே ஒரு சொல்லில் முடிந்துவைத்திருக்கிறார்கள். ஓதம் இறங்கும்போது சிறிது நேரம் தலைகாட்டும் தரைகளும் விடுபடாதவாறு, ஒவ்வொரு நாளும் 21 மணி நேரத்துக்கு மேல் நீர் மூடியிருந்தால் அது நீரடி மண் என்று எல்லை வகுத்திருப்பதும் நோக்கத்தக்கது.

வகைப்பாட்டின் கடைசிப்படியில் மண்தொடர் என்னும் பிரிவு உண்டு. அதற்கு இடப்பெயரோ ஆட்பெயரோ இடுவர். அத்தொடர்களுள் ஒன்று சினபக்சன்ட், மற்றொன்று டீமாஸ். ஒரெழுத்துக்குள் கிடந்த நிலங்களுக்குப் பெயர்பெற்றுத் தந்தவர், நீருக்கடியில் கிடக்கும் ஒரு மணல்மண்ணின் பெயராகவே நிலைத்துவிட்டார். நடுகல்லில் பெயர் எழுதி வழிபட்ட மரபினர்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்.

தமிழில் செய்யத்தக்கது

தமிழகத்தின் பாக் விரிகுடா ஆழமற்றது. கடற்புல் வெளிகள் நிறைந்தது. அங்கே மேயும் கடற்பசுவைக் கடற்கரை மக்கள் ஆவுளியா என்பர். அதனைக் காக்கும்பொருட்டுத் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் காப்பகமாகத் தமிழக அரசு 2022 செப்டம்பரில் அறிவித்தது. ஆவுளியாவைக் காப்பது புல்லைக் காப்பது. புல்லைக் காப்பது அப்புல் வேரூன்றிய மண்ணை அறிவது. இம்மூன்றையும் ஒரு சங்கிலியாகக் காணவேண்டும்.

அந்த மண்ணுக்குத் தமிழில் என்ன பெயர்? 'நீரடி மண்' என்னும் தொடர் பொதுப்பெயராக நிற்கத் தகும். ஆயினும் பொதுப்பெயர் மட்டும் போதாது. அதுவும் ஒரு வகையில் ஓரெழுத்துக் குறியே. உள்வகைகளுக்குப் பெயர் வேண்டும். அப்பெயர்களை நூலகத்தில் அமர்ந்து புதிதாக ஆக்குவதற்கு முன், இருப்பவற்றைத் தொகுப்பதே முறை. மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி பற்றி வளரும் கடலடித் திடற்பரப்பைப் 'பார்' என்பர். உலகத்துக்கும் நிலத்துக்கும் வழங்கும் அதே சொல், கண்காணாத கடலடிக்கும் வழங்குகிறது. 1903 முதல் 1906 வரை இலங்கை அரசுக்காக முத்துக்குளிப்பைப் பற்றி அறிக்கை வெளியிட்ட ஹெர்ட்மேன் முதலிய ஆங்கில ஆய்வாளர்களும் அச்சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே ஆண்டனர்.

கடலடியை நிலமாகக் காண்பது தமிழுக்குப் புதிதன்று என்பதற்கு அந்த ஒரு சொல்லே சான்று. முத்துக்குளித்தோர் மூச்சடக்கி இறங்கிக் காலால் தொட்டறிந்த நிலம் அது. கரைவலை இழுப்போரும், கழியில் நண்டு பிடிப்போரும், சேற்றில் துழாவிச் சிப்பி எடுக்கும் பெண்களும் ஒவ்வொரு நாளும் காலால் வாசிக்கும் தரைக்கு அவர்கள் இட்ட பெயர்கள் ஊருக்கு ஊர் வழங்கும். எந்தச் சேறு வலையைப் பிடிக்கும், எந்த மணல் வலையை விடும் என்பதை அச்சொற்கள் தாங்கியிருக்கும். அவற்றை ஆழத்தோடும் இடத்தோடும் ஊரோடும் எழுதிவைப்பது இலக்கியம் பயில்வோரால் இயலும் பணி. வான் போஸ்ட் செய்தது அதுவே: மக்கள் சொல்லைக் கைவிடாமல் அதற்கு வரையறை தந்தார், அச்சொற்கள் உலக வழக்காயின.

கடற்கரை மாறிக்கொண்டிருக்கிறது. கடல்மட்டம் உயர்கிறது, துறைமுகங்களுக்காகத் தூர்வாரும் பணி பெருகுகிறது, கழிகள் குறுகுகின்றன. ஒரு களப்பு தூர்க்கப்படும்போது அதன் தரையோடு, அத்தரையை அறிந்த சொல்லும் புதையும். முன்னதை மீட்க அதிர்வுக்குழாய் உண்டு. பின்னதை மீட்க எந்தக் கருவியும் இல்லை. சொல்லை அறிந்தவர் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வது ஒன்றே வழி.

பத்தாண்டுகளைக் கடந்து பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இலக்கிய வட்டத்தில் கடற்கரை ஊர்களைச் சேர்ந்த கவிஞர்கள் பலர் உளர். ஒருவர் தம் ஊர்க்கழியின் தரைக்கு வழங்கும் பெயர்களை மட்டும் தொகுத்தாலும் போதும். பத்து ஊர் சேர்ந்தால் ஒரு சொற்படம் ஆகும். மண்ணியலார் ஒருநாள் அக்கழிக்கு வரைபடம் எடுக்க வரும்போது, எழுதுவதற்குரிய பெயர் அங்கே காத்திருக்கும். நெய்தலின் எல்லை நீர்விளிம்போடு முடியாமல், ஒளி எட்டும் ஆழம்வரை செல்லட்டும்.